சுவர்தான் சொல்லணும்

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கூரியர் கொண்டுவருகிறவர் உறையில் இருக்கும் பெயரைப் படித்துப் படித்து இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு விழித்துக்கொண்டு நின்றால், "ஓ, வரிப்பணம் சாரா? மேட்டுப் பக்கம், மாடி வீடு" என்று யாராவது கைகாட்டிவிடுவார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவாள். கோபம் அடிக்கடி வரும்.

பெயர் வந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தால் மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் அங்கேயே நின்று போன் போடுவார். "எரியறது பல்பு இல்ல, என் வரிப்பணம்" என்பார். பூங்கா ஊஞ்சலுக்கு ஒரே வருஷத்தில் மூன்றாம் தடவை பச்சை அடித்தால், அது என்ன பச்சை, யார் சப்ளை என்று துருவித் துருவி விசாரிப்பார். ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் பல் பிடுங்கப் போனவர், வாயில் இடுக்கி இருக்கும்போதே, எதிர் அறையில் ஆளே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை விரலால் காட்டி "ஊ, ஊ" என்றிருக்கிறார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். அந்த ஊசியும் வரிப்பணம்தானே என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அவர் கஞ்சன் இல்லை. ஒரு பெயிண்ட் கிடங்கில் மேலாளர். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுவிடுவார்கள், அது அவருக்கு ஆறாத புண். மற்றபடி கைக்கு வந்த காசை மூடிவைத்துக்கொள்ளத் தெரியாதவர். கிடங்கில் மூட்டை தூக்குகிற யாருக்காவது வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் நீளுகிற கை அவருடையதுதான். தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தால் அது எங்கே போகிறது என்று தெரியும், யாரோ ஒருவர் எடுத்து யாருக்கோ கொடுத்தால் அது எங்கே போகிறது என்று தெரியாது, இதுதான் அவருடைய கட்சி. அதில் ஒரு நியாயம் இல்லாமலும் இல்லை.

தெரு ஒரு சரிவு. மேட்டுப் பக்கத்தில் இவர் வீடு, பள்ளத்துப் பக்கத்தில் தங்கை வீடு. தங்கையின் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. இவள் வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுத்து வீட்டை ஓட்டுகிறாள். படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும் என்பது பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும். பை தைத்துச் சேர்த்த காசில் அவள் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி வந்து பூட்டிய பிறகுதான் கூப்பிட்டுக் காட்டினாள். அது சுற்றுகிற சத்தம் கேட்டால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரும். லாரி இன்ஜின் சத்தம் மாதிரி இருக்கிறது போலிருக்கிறது என்று வரிப்பணம் கேலி செய்வார்.

அப்புறம் அந்த மழை வந்தது. மூன்றாம் நாள் காலை ஆற்றுக்கரை ஒரு இடத்தில் உடைந்தது. பள்ளத்துப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் வரிப்பணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுத்தெருவுக்கு வந்தபோதே முழங்கால் மூழ்கிவிட்டது. சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாமல் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டார். அப்போது சைக்கிள் கடைக்காரர் தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார். முன்பக்கம் சைக்கிள் ரிப்பேர்க் கடை, பின்பக்கம் குடும்பம், அப்படிப்பட்ட வீடு. உள்ளே கட்டில்மேல் நாற்காலி, நாற்காலிமேல் பெட்டி என்று அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு, "என் பின்னாடியே வாங்க சார், நான் கால் வைக்கிற இடத்துல வைங்க" என்று முன்னால் நடந்தார். தங்கை வீட்டுக்குள் தண்ணீர் வரிப்பணத்தின் தொடையைத் தொட்டது. மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, முன்னால் கம்பி தட்டித் தட்டிப் போக, பின்னால் தங்கை துணிமூட்டையோடு வர, நால்வரும் மேடேறினார்கள். சைக்கிள் கடைக்காரர் மாடிப்படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கத் திரும்பிப் போனார்.

தண்ணீர் வடிந்ததும் தங்கை வீட்டைக் கழுவினாள். மெஷினைத் திறந்து பார்த்த மெக்கானிக், மோட்டாருக்குள் இருந்த சேற்றை விரலில் தொட்டுக் காட்டிவிட்டு, இதற்கு ஆகிற செலவில் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிப் போனார். செத்த மெஷின் மூலையிலேயே நின்றது. தைத்த பைகளை அடுக்கி வைக்க உதவியது. தங்கை பழையபடி கல்லில் அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள். மணிக்கட்டு வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு துவைத்தாள்.

ஆனால் அண்ணனின் கண்ணில் பட்டது வேறொன்று. கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரில் தண்ணீர் நின்ற கோடு. சேறும் எண்ணெயும் கலந்து, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல, அறையைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு. மாப்பிள்ளை நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே நாலு தூறல் விழுந்தாலும் நல்ல கையைத் தூக்கி அந்தக் கோட்டைக் காட்டுவார், தொண்டையில் ஒரு சத்தம் வரும். வரிப்பணத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கிலிருந்து சாமான்களோடு வந்து இறங்கினார். வெள்ளத்துக் கறை லேசுப்பட்டது இல்லை. மேலாகப் பெயிண்ட் அடித்தால் ஒரு வாரத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். அதை அமுக்குகிற பிரைமர் ஒன்று இருக்கிறது, விலை கூடுதல், அதைத்தான் கொண்டுவந்தார். சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, அந்த ஒற்றை அறை வீட்டின் நாலு சுவருக்கும் மேலே இளமஞ்சள் அடித்தார். ஆள் வைத்துச் செய்யவில்லை, முழுக்கத் தன் கையாலேயே செய்தார். முடிந்ததும் மாப்பிள்ளை சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்... லா" என்றார். வரிப்பணத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பிறகுதான் நகராட்சியின் அறிவிப்பு வந்தது. தண்ணீர் புகுந்த வீட்டுக்கெல்லாம் ஏதாவது ஒரு சாமான்: ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு, மூன்றில் ஒன்று. எந்தெந்த வீடு என்று தெருக்காரர்களே ஒரு குழு போட்டு அதிகாரியோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடந்தது. குழுவுக்குத் தலைவி தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், எல்லாருக்கும் போஸ்ட்மாஸ்டர் அம்மா. வரிப்பணத்தைக் குழுவில் சேர்க்காமல் இருந்தால் வெளியே நின்று சேர்ந்தவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார் என்பதால் அவரையும் சேர்த்துவிட்டார்கள். அவர் எழுந்தவுடனேயே இந்தத் திட்டமே கூடாது என்றார். கரையைக் கட்டட்டும், சாக்கடையைத் தூர் வாரட்டும், அது அரசாங்கத்தின் வேலை. ரோடு போட்டால் எல்லாரும் நடக்கலாம். ஃபிரிட்ஜ் ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அதில் இன்னொருவன் ஒரு பாட்டில் தண்ணீர் வைக்க முடியுமா? பழையது, பாழானது, முன்பே ஓடாதது எல்லாவற்றையும் வெள்ளத்தின் கணக்கில் எழுதிப் புதிதாக வாங்கிக்கொள்வார்கள். வருஷா வருஷம் மழை பெய்யும், வருஷா வருஷம் கொடுப்பார்களா? ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நீங்க சொல்ற ரோடுதான் சார் தண்ணிய உள்ள விட்டுச்சு. பழசைச் சுரண்டாம மேல மேலயே போட்டு, வாசப்படி எல்லாம் இப்ப ரோட்டுக்குக் கீழ கிடக்குது. அதைப் போட்டதும் உங்க வரிப்பணத்துலதான். அது வீட்டுக்குள்ள பண்ணின சேதத்துக்கு வீட்டுக்குள்ளதான் குடுத்தாகணும்."

ஹாலில் மற்ற பாதியும் தலையாட்டியது. வரிப்பணத்துக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் வராதபோது மனிதர்கள் கறாராகிவிடுவார்கள், அவரும் ஆனார். சரி, கொடுங்கள், ஆனால் ஏமாற்றுக்காரனுக்குப் போகக் கூடாது என்று பிடித்துக்கொண்டார். தண்ணீர் வந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாட்சி சொல்வார், அடுத்த நாள் இவர் அவருக்குச் சொல்வார்.

"வாயால சொல்றதுக்கெல்லாம் வரிப்பணம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குக் கோடு இருக்கணும். சுவர்தான் சொல்லணும்" என்றார்.

கைதட்டலே விழுந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த நகராட்சி அதிகாரியும் அது தோதான முறை என்று ஒத்துக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்தபோது பின்வரிசையில் தங்கை எழுந்து வெளியே போவதை வரிப்பணம் பார்த்தார். மாப்பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம், அதுதான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்கே அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கிறது. சுவருக்கு இளமஞ்சள் அடித்த கை, மேசையைத் தட்டி அந்தச் சட்டத்தைப் போட்ட கை, இரண்டும் ஒரே கைதான். ஆனாலும் அவர் தலையில் அந்த இரண்டும் சந்திக்கவே இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. உதவி வாங்குகிறவர்கள் என்றால் அவருக்கு அது வேறு யாரோ. தங்கச்சி தங்கச்சிதான்.

இரண்டு நாள் கழித்து, கையில் அளவு நாடாவோடு நகராட்சியிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள். குழுவும் கூடவே கிளம்பியது. வேலையில்லாத நாலு பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். முதல் சில வீடுகள் சுலபம், கோடு பளிச்சென்று தெரிந்தது. அடுத்தது டியூஷன் டீச்சர் வீடு. சுவர் முழுக்க டைல்ஸ். தண்ணீர் போன பிறகு துணியால் ஒரு தடவை துடைத்திருக்கிறாள், கண்ணாடி மாதிரி இருந்தது. டைல்ஸில் எங்கேம்மா கோடு நிற்கும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வரிப்பணம் வருத்தத்தோடுதான் தலையை அசைத்தார். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்றார்.

அப்புறம் சைக்கிள் கடைக்காரர் வீடு. மகள் பிரசவத்துக்கு வந்து பச்சைக் குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு ஆகாது என்று அவர் பிளீச்சிங் பவுடரைப் போட்டுச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். சுண்ணாம்பே பெயர்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. கோடு இருந்த இடம் எது, தேய்த்த இடம் எது என்று சொல்ல முடியவில்லை. அதிகாரி நாடாவை நீட்டினாள், சுருட்டினாள், குழுவைப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் வரிப்பணத்தைப் பார்த்தார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று வரிப்பணம் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அதற்கடுத்துப் போனது தங்கை வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவருக்கு எதிர்ச் சுவர் தெரிந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, இளமஞ்சள் அப்படி ஒரு அழகாக இருந்தது. ஒரு பொட்டுக் கறை கிடையாது. வரிப்பணம் கழற்றிய செருப்பைத் திரும்பிப் பார்த்தார்.

சுவர் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்றாள் அதிகாரி. அண்ணன்தான் அடித்துக்கொடுத்தார் என்றாள் தங்கை. அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதிகாரி குழுவைத் திரும்பிப் பார்த்தாள். போஸ்ட்மாஸ்டர் அம்மா தரையைப் பார்த்தார். அப்போது வாசலில் நின்றிருந்த சைக்கிள் கடைக்காரர், ரொம்ப மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்:

"சுவர்தான் சொல்லணும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட தேவலை. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு வெளியே போனாள். வரிப்பணம் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவிக்கு விஷயம் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. எல்லாரும் வாயால் சாப்பிடுவார்கள், பேசுவார்கள், நீங்கள் ஒருவர்தான் வாயால் குழி தோண்டுகிறவர் என்றாள். பிறகு அவளே காபி போட்டுக் கொடுத்து, பேசாமல் நாமே ஒரு மெஷின் வாங்கிக்கொடுத்துவிடலாம், நாத்தனார் கையைப் பார்க்க முடியவில்லை என்றாள். அவருக்கும் அதே நினைப்புதான். அன்று சாயங்காலமே போய்த் தங்கையிடம் சொன்னார். அவள் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலேயே வேண்டாம் என்றாள்.

ஏன் வேண்டாம், நான் என்ன அந்நியனா என்று அவர் குரலை உயர்த்தினார். அவள் நூலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ குடுத்தா வாங்கிக்குவேன்ணா, வாங்காம என்ன. ஆனா அப்புறம் அந்த மெஷின் ஓடற ஒவ்வொரு தடவையும் அண்ணியோட முகம்தான் எனக்கு ஞாபகம் வரும். நகராட்சி குடுக்கறது அப்படி இல்ல. நானும் வரி கட்டறேன். சோப்பு வாங்கினா கட்டறேன், நூல் வாங்கினா கட்டறேன், அவருக்கு மருந்து வாங்கினா கட்டறேன். உனக்குச் சம்பளத்துல புடிக்கிறான், எனக்குக் கடையில புடிக்கிறான். அதுல இருந்து ஒரு தடவை திரும்பி வருதுன்னு இருந்தேன். தெருவுல எல்லாருக்கும் வர்ற மாதிரி எனக்கும் வரும்னு இருந்தேன்."

கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அத்தனை பேரு கை தட்டும்போது, எங்க அண்ணன்தான் எங்க வீட்டுக் கோட்டை அழிச்சாருன்னு எழுந்து நின்னு சொல்லச் சொல்றியா?" என்றாள்.

கட்டிலில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது வரிப்பணத்துக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கிடங்குக்குப் போகாமல் சுரண்டியோடு வந்தார். தங்கை தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. அடியில் கோடு இருக்கத்தானே செய்யும் என்று ஒரு நப்பாசை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கு எதிரே ஒரு முழ அகலத்துக்குச் சுரண்ட ஆரம்பித்தார். இளமஞ்சள் உரிந்தது, பிரைமர் உரிந்தது, பட்டி பாளம் பாளமாக விழுந்தது. அதற்குக் கீழே வெறும் சிமெண்ட். கோட்டைத்தான் அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டி பார்த்திருந்தாரே! அரைகுறையாக வேலை செய்கிற ஆளாக இருந்திருந்தால் கோடு கிடைத்திருக்கும். இன்னும் ஓர் இடத்தில் சுரண்டினார், இன்னும் ஓர் இடத்தில். அங்கேயும் சிமெண்ட்தான்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை நல்ல கையைத் தூக்கியிருந்தார். சுவரைக் காட்டப்போகிறார் என்று நினைத்தார் வரிப்பணம். அவர் காட்டியது வரிப்பணத்தை. விரல் அவருடைய தொடைக்கு நேராக நின்றது.

"தண்... ணி" என்றார் மாப்பிள்ளை. "இங்... க."

வரிப்பணம் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தொடையில் ஏறிய தண்ணீரின் குளிர் அவருக்கு ஞாபகம் வந்தது. கூடவே மற்றதும் வந்தது. முன்னால் கம்பி தட்டிப் போன முதுகு. அந்த மனிதர் எந்த வீட்டுத் தண்ணீரிலிருந்து இறங்கி வந்தார் என்பதும். அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டம் பேசினார். அவருக்கு அழுகை வந்தது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று தங்கையிடம் சொன்னார். அவளும் நம்பியதுபோல ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

பட்டியலை முடிவு செய்கிற கூட்டம் அதே ஹாலில் நடந்தது. அதிகாரி வாசித்துக்கொண்டே போனாள். நிராகரிக்கப்பட்ட மூன்று வீடுகள் வந்ததும் வரிப்பணம் எழுந்தார். ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. தங்கச்சிக்கு மட்டும் சட்டத்தை வளைக்கப்போகிறார் என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தது அவர் காதிலேயே விழுந்தது. அவர் காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டார்.

"எங்க தங்கச்சி வீட்டுல தண்ணி என் தொடை வரைக்கும் இருந்துச்சு. மாப்பிள்ளையை நான்தான் முதுகுல தூக்கிட்டு வந்தேன். கோட்டை அழிச்சதும் நான்தான். காட்டறதுக்குச் சுவர்ல ஒண்ணும் இல்ல. சுரண்டியும் பாத்துட்டேன்" என்றார்.

இதற்குச் சாட்சி யார் என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. வேண்டுமென்றே கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கேட்டார். வரிப்பணம் ஹாலின் ஓரமாக, சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தார். அவரைப் பார்ப்பதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

"அவர்தான். எனக்கு முன்னாடி நடந்து வழி காட்டினாரு. அவரு சொல்லணும்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. அவர் வீட்டுக்கு நான் சாட்சி சொல்லியிருக்கணும். அவர் இறங்கி வந்த வீட்டுல கட்டில் காலு மூழ்கியிருந்ததை நான் பாத்தேன். டீச்சர் வீடு அதுக்கும் பள்ளம், அங்க ஏறாம இவர் வீட்டுல தண்ணி ஏறியிருக்காது. என் தங்கச்சிக்குக் குடுக்காட்டியும் பரவாயில்ல, அந்த ரெண்டு வீட்டையும் சேத்துக்கங்க."

"வாய்ச் சாட்சியை ஏத்துக்கக் கூடாதுன்னு சொன்னவரே நீங்கதானே சார்?" என்றாள் அதிகாரி.

"நான்தான்" என்றார் வரிப்பணம். "தப்பாச் சொல்லிட்டேன். ஒருத்தன் ஏமாத்திடுவானோன்னு பயந்து மூணு பேரைப் பொய்யாக்கிட்டேன்."

எல்லாரும் சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று தனக்கே தோன்றியதாகத் தங்கை பிறகு சொன்னாள். போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

"அந்தம்மா வீட்டுல தண்ணி இருந்துச்சு" என்றார் கடைசியில். "நான் பாத்தேன். அவரைத் தூக்கிட்டு வந்ததையும் பாத்தேன்." பிறகு வரிப்பணத்தைப் பார்த்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார், என் வீட்டுல நின்னுகிட்டு" என்றார்.

வரிப்பணம் உட்கார்ந்துவிட்டார்.

கோடு இல்லாத வீட்டுக்கு, உறவில்லாத ஒருவர் நேரில் பார்த்ததாகச் சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். டீச்சருக்குப் பக்கத்து வீட்டம்மா எழுந்து சாட்சி சொன்னாள், மூன்று வீடும் பட்டியலில் ஏறின. அந்த வரியை எழுதும்போது அதிகாரி, இதனால் நாளைக்கு ஏமாற்றுகிறவர்களும் வருவார்கள் என்று எச்சரித்தாள். வந்தார்கள்தான். பக்கத்துத் தெருவில், மாடியில் குடியிருந்த ஒருவர் ஒரு நண்பரைப் பிடித்துச் சாட்சி சொல்லவைத்து அடுப்பு வாங்கிக்கொண்டார். வரிப்பணத்துக்கு அதைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த அடுப்பைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார். ஆனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

தங்கைக்கு மெஷின் வந்தது. சைக்கிள் கடைக்காரரும் குழந்தைத் துணிக்காக மெஷினைத்தான் கேட்டிருந்தார், அவருடையது இரண்டாவது லாரியில் வரும் என்று தள்ளிப்போட்டார்கள். அதுவரைக்கும் குழந்தைத் துணியை இங்கே போடுங்கள் என்று தங்கை சொல்லிவிட்டாள். முதல் நாள் மெஷினைப் பார்க்க வந்த வரிப்பணம், அது எத்தனை கிலோ இழுக்கும், என்ன தரம், இந்த விலைக்கு இதைவிட நல்லதாக வாங்கியிருக்கலாம் என்றெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து குறை கண்டுபிடித்தார். மாப்பிள்ளை அந்தச் சத்தத்தில் தூங்கிப்போனார். எதிர்ச் சுவரில் சுரண்டிய இடம் சிமெண்டாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு வந்து பூசித் தருகிறேன் என்றார்.

"பூசு, யாரு வேணாம்னா. முதல்ல இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று தங்கை ஒரு வாளியை அவர் கையில் கொடுத்தாள். பிழிந்தெடுத்த குழந்தைத் துணி.

வாளியோடு தெருவில் நடந்தார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். கடை வாசலில் சைக்கிள் கடைக்காரர் ஒரு டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கை காலியானதும் வரிப்பணத்துக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் நின்றார்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா சார், சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு இன்னொரு கையால், பக்கத்தில் கிடந்த ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்தினார்.